கதை எழுதியாச்சு, சரி. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால்?

போன வருடம் என்னிடம் தமிழ் படிக்க வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் படித்துவிட்டு அதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொந்தமாக எதையாவது எழுத வேண்டும், கூடவே ஏன் அப்படி எழுதினாள் என்று ஒரு பக்கம் விளக்கமும் தர வேண்டும். பள்ளியில் கொடுத்த வேலை அது. கதை நன்றாகவே இருந்தது. விளக்கம் இப்படித் தொடங்கியது: "இக்கதையில் நிலவைச் சோகத்தின் குறியீடாகப் பயன்படுத்தியுள்ளேன். உரையாடல்கள் கதைக்கு உயிரோட்டம் தருகின்றன. இது வாசகர் மனதில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தும்."

இந்த மூன்று வாக்கியத்தையும் வெட்டி எடுத்து அந்த வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையின் கதைக்கு அடியில் ஒட்டினாலும் பொருந்தும். அவளிடம் அதைத்தான் சொன்னேன். "அப்ப என்ன மிஸ் எழுதணும்?" என்றாள். அந்தக் கேள்விக்கு மூன்று சாயங்காலம் ஆனது. அந்த மூன்று நாளில் நாங்கள் செய்ததை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி வேலை இப்போது பல இடங்களில் கேட்கிறார்கள். ஐ.பி. டிப்ளமா என்கிற சர்வதேசப் பள்ளிப் படிப்பின் பழைய பாடத்திட்டத்தில், படைப்போடு 200 முதல் 300 சொல்லுக்குள் ஒரு விளக்கம் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில், பிள்ளைகள் தாங்கள் எழுதியதற்குத் தாங்களே விளக்கம் எழுதுகிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளிலும் சில ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், கதையைக் கைப்பேசியே எழுதிக் கொடுத்துவிடுகிற காலத்தில் எழுதியவரின் யோசனையைத் தெரிந்துகொள்ள வேறு வழி குறைவு. பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். நான் விளக்கக் குறிப்பு என்றே சொல்கிறேன்.

முதலில் பாட்டும் கதையும்

பாட்டு ஐந்தே அடி. பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்து, அந்த மலையும் போன பிறகு பாரியின் மகள்கள் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

அந்த மாதத்து வெண்ணிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை; இந்த மாதத்து வெண்ணிலவில் வெற்றி முரசு அடிக்கும் வேந்தர்கள் எங்கள் மலையையும் எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அழுதோம் என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது.

அவள் கதை இன்றைக்கு நடக்கிறது. ஒரு சின்ன ஊர், அக்கா தங்கை இரண்டு பேர், அம்மாவோடு வாடகை வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது. அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். கடன் கழுத்தை நெரித்தபோது அவருடைய அண்ணன் இருவரும் தம்பியும் சேர்ந்து கடனை அடைத்துவிட்டு வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அப்பா இறந்துபோகிறார், அது கதைக்கு வெளியே நடக்கிறது. பௌர்ணமி ராத்திரி, வாடகை வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி, புதுப் பெயின்ட் அடித்த பழைய வீட்டில் மறுநாள் காலை புதுமனை புகுவிழா; சீரியல் லைட் மின்னுகிறது, கூம்பு ஒலிபெருக்கியில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. இருவரும் பேசிக்கொள்வதுதான் கதை.

இப்போது விளக்கத்துக்கு வருவோம்.

படி 1: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலோடு உட்காருங்கள்

எழுதத் தொடங்காதீர்கள். ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் மூலப் பாட்டு, வலது பக்கம் உங்கள் படைப்பு. பாட்டின் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது என் கதையில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எதுவும் ஆகவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான், எங்களுக்கு முதல் சாயங்காலம் முழுக்க இதற்கே போனது.

நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன்.

"வென்று எறி முரசின் வேந்தர்" என்ற இடம். அதில் கோபத்தைக் காட்டும் சொல் ஒன்றுமில்லை, மேலே பார்த்தால் புகழ்ச்சி மாதிரியே இருக்கிறது. ஆனால் பாரியை முற்றுகையிட்டு வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றவர்களைப் போய் வெற்றி முரசு அடித்தவர்கள் என்கிறார்கள் அந்தப் பெண்கள். புறநானூற்றின் பழைய உரையும் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே சொல்கிறது. அவள் கதையில் முரசு எங்கே போனது? தவிலாகிவிட்டது! மங்கல வாத்தியம், நல்ல காரியத்துக்கு வாசிப்பது, அது இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கேட்கும். இவ்வளவு நல்ல முடிவை எடுத்தவள் தன் விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "அது சும்மா வந்துச்சு மிஸ்" என்றாள். சும்மா வந்ததா இல்லையா என்பதை ஆறாம் படியில் பார்ப்போம்.

அடுத்து, வரிசை. முதல் பாதியில் அப்பா முன்னால், மலை பின்னால். இரண்டாம் பாதியில் மலை முன்னால், அப்பா கடைசியில். இதைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கதை வீட்டில் தொடங்கி வீட்டிலேயே சுற்றிவிட்டு அப்பாவில் முடிகிறது. தொடக்கத்தில் அப்பா இல்லை. ஆக, பாட்டின் பாதி வடிவம்தான் கதையில் இருக்கிறது. இது குறையா என்றால் இல்லை, ஆனால் குறிப்பில் சொல்ல வேண்டிய விஷயம்.

அப்புறம் "அ", "இ". அவ்வெண்ணிலவு, இவ்வெண்ணிலவு. நிலா ஒன்றுதான், சுட்டு மட்டும் மாறுகிறது. அவள் கதையில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தங்கை சொல்கிறாள்: "நம்ம வீட்டு மாடியில இவ்ளோ கொசு இல்லல்ல?" அக்கா திருத்துகிறாள்: "அந்த வீட்டு மாடியில." அதற்குப் பிறகு கதை முடிகிறவரை யாரும் நம்ம வீடு என்று சொல்வதில்லை. அந்த வீடு, இந்த வீடு, அவ்வளவுதான்.

"அற்றை" என்றால் அன்றைய என்று பொருள். எத்தனை மாதத்துக்கு முன்னால் என்று பாட்டில் கணக்கு இல்லை. கதையில் "போன மாசப் பௌர்ணமிக்கு" என்று வருகிறது. ஒரு மாதம் என்பது அவள் எடுத்த முடிவு. பாட்டே சொல்வதாக எழுதிவிடக்கூடாது.

"எம்", "யாம்". இது கொஞ்சம் நுணுக்கம். தமிழில் நாங்கள் வேறு, நாம் வேறு; கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். பழந்தமிழில் யாம், எம் என்பவை கேட்கிறவரை வெளியே நிறுத்துகிற சொற்கள். பாரி மகளிர் நம்மைப் பார்த்து "எங்களுக்கு" என்கிறார்கள். கதையிலோ அக்காவும் தங்கையும் தங்களுக்குள் பேசுகிறார்கள், அதனால் எல்லாம் "நம்ம" ஆகிவிட்டது. பாட்டு வெளியாளிடம் பேசுகிறது, கதை பேசவில்லை. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அவளுக்கும் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் தாளை மடித்து வைத்து உட்காரும்வரை எனக்கும் தெரியவில்லை. கடைசி வரி மட்டும் உரையாடல் இல்லை, கதை சொல்கிறவளின் குரல்: "எங்களுக்கு அப்பா இல்லை." அங்கே ஒரே ஒரு முறை "எங்களுக்கு" வருகிறது.

படி 2: உங்கள் படைப்புக்கு நீங்களே ஒரு கூற்று எழுதுங்கள்

சங்கப் பாட்டுகளுக்கு அடியில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், கொளு என்பார்கள். அகப்பாட்டு என்றால் யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று இருக்கும், அதுதான் கூற்று. புறப்பாட்டு என்றால் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர். இந்தப் பாட்டுக்குத் திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இழப்பில் செயலற்று நிற்கிற நிலை. இரண்டாயிரம் வருடப் பழைய பாட்டுக்குள் நுழைய நமக்கே இந்த ஒரு வரி தேவைப்படுகிறது, உங்கள் ஆசிரியருக்கும் அப்படி ஒரு வரி கொடுத்துவிடுங்கள்.

அவள் முதலில் எழுதியது: "வீட்டை இழந்த சகோதரிகள் வருந்திப் பேசியது." இதில் யார் யாரிடம் என்பதே இல்லை. இரண்டாவது முயற்சி: "வீடு போன மாதத்தில், தூங்காமல் கிடக்கும் தங்கை பேச்சுக் கொடுக்க, தூங்குவது போல் கிடந்த அக்கா சொல்லியது." இதை எழுதியதும் ஒன்று வெளியே வந்தது. கதையில் அக்கா முதலில் பேசவே மாட்டாள், தங்கை நாலு முறை கேட்ட பிறகுதான் வாய் திறப்பாள். அதை அவள் யோசித்துத்தான் செய்திருக்கிறாள், மறந்துவிட்டாள்.

கூற்று வரி ஒரே மூச்சில் வராவிட்டால் கோளாறு குறிப்பில் இல்லை, கதையில் இருக்கிறது என்று அர்த்தம். யார் பேசுகிறார்கள் என்று தெரியாமலேயே எழுதியிருப்பீர்கள்.

படி 3: விட்டதை எல்லாம் எழுதுங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு கொள்கைதான். வேறு வழி இருந்தால்தான் அது தேர்வு. நான் மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கெங்கே வைத்துப் பார்த்து, எதற்காக அதை விட்டுவிட்டு மாடிக்கு வந்தாய் என்றால்தான் எனக்கு உன் மண்டைக்குள் நடந்தது தெரியும்.

அதனால் கிறுக்கல் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் எழுதுகிறவர்கள் பழைய வரைவை அழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். அவள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததால் தப்பித்தோம். அதில் கிடைத்தவை:

முதல் வரைவில் கதை பிரான்மலைக்குப் பக்கத்தில் நடந்தது. பறம்பு மலை என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் என்று சொல்வார்கள். மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியும் என்று எழுதியிருந்தாள். பிறகு அடித்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "மலை தெரிஞ்சா படிக்கிறவங்களுக்குப் பாரிதான் ஞாபகம் வருவார், இந்த அப்பா வர மாட்டார்." இந்த ஒரு வாக்கியம் அவளுடைய பழைய விளக்கப் பக்கம் முழுவதையும்விட மேல்.

இன்னொரு வரைவில் அப்பா உயிரோடு வந்து இரண்டு பக்கம் பேசினார். அதையும் எடுத்துவிட்டாள். மூன்றாவதாக, பாரியின் நண்பரான புலவர் கபிலர் மாதிரி ஒரு ஆள், அப்பாவின் சிநேகிதர், பிள்ளைகளுக்கு அடைக்கலம் தேடி அலைகிறவர் இருந்தார். புறநானூற்றில் கபிலர் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோ, இருங்கோவேள் என்ற குறுநில மன்னர்களிடம் போவது 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகளில் இருக்கிறது, ஆள் நல்ல ஆள்தான். ஆனால் 112ஆம் பாட்டில் அவர் இல்லை. அந்தப் பெண்கள் தனியாக நிற்கிற பாட்டு அது. அதனால் எடுத்துவிட்டாளாம்.

படி 4: மூன்று போதும்

இப்போது உங்களிடம் பத்துப் பன்னிரண்டு விஷயம் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் குறிப்பில் போட்டால் மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கக் குறிப்புக்கு மூன்று போதும்.

எந்த மூன்று? அதை மாற்றினால் கதையே வேறாகிவிடும் என்பவை மட்டும். கொசு என்பதைப் பனி என்று மாற்றினாலும் கதை அதே கதைதான். தவிலை எடுத்துவிட்டால்? கதை படுத்துவிடும். அவள் கடைசியில் வைத்துக்கொண்டது தவில், அந்த வீடு - இந்த வீடு, கடைசி வரியில் வரும் எங்களுக்கு. இவை தவிர நான் இன்னொன்றையும் வைக்கச் சொன்னேன், பங்காளிகள் மூன்று பேர் என்பதை. அவள் கேட்கவில்லை. அது அவள் உரிமை.

படி 5: ஒரு தேர்வுக்கு ஒரு பத்தி

ஒவ்வொரு பத்தியிலும் நான்கு விஷயம் வர வேண்டும்: மூலத்தில் எந்தச் சொல், அதை நான் என்னவாக ஆக்கினேன், வேறு என்ன செய்திருக்கலாம், இப்படிச் செய்ததில் கிடைத்தது என்ன, போனது என்ன. இதே வரிசையில் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் கடைசியில் சொன்ன "போனது" இல்லாமல் எழுதாதீர்கள், எல்லாமே லாபம் என்று யாராவது சொன்னால் சந்தையில்கூட நம்ப மாட்டோம்.

பழைய பத்தி: "கதையில் தவில் ஓசையைப் பின்னணியாகப் பயன்படுத்தி, மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் உள்ள முரணை வெளிப்படுத்தியுள்ளேன்."

மூன்றாம் நாள் எழுதியது: "பாரி மகளிர் தங்கள் மலையை எடுத்துக்கொண்டவர்களைத் திட்டவில்லை, 'வென்று எறி முரசின் வேந்தர்' என்று பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதையில்தான் குத்தல் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால் என் கதையிலும் பெரியப்பாக்களைப் பற்றி யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. தவில் மட்டும் கேட்கிறது, தங்கை 'நல்லா வாசிக்கிறாங்கல்ல' என்கிறாள். முதலில் அக்கா காதைப் பொத்திக்கொள்வதாக எழுதியிருந்தேன், அது சினிமா மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன். இதனால் ஒரு நஷ்டமும் உண்டு: பாட்டைத் தெரியாதவர்களுக்குத் தங்கை உண்மையிலேயே பாராட்டுகிறாள் என்று தோன்றலாம்."

இது யாருடைய கதைக்கு அடியிலும் ஒட்டாது. மொழி எளிமைதான், கலைச்சொல் ஒன்றுகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பத்தியில் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதே போல ஒரு விளக்கம் எழுதி, நாலு பக்கத்துக்கு இழுத்து, பெருமையாகக் கொடுத்தேன். பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் "கதை தெரியும்" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நானும் அதையே எழுதுகிறேன்.

படி 6: தானாக வந்ததைத் தானாக வந்தது என்றே சொல்லுங்கள்

தவில் விஷயத்துக்கு வருகிறேன். முரசை நினைத்துத் தவிலை வைத்தாயா என்றால் இல்லை என்றாள். பக்கத்து வீட்டில் போன மாதம் புதுமனை புகுவிழா நடந்தது, ராத்திரி முழுக்கத் தூங்க முடியவில்லை, அது கதைக்குள் வந்துவிட்டது. சரி. ஆனால் வந்ததை ஏன் வைத்துக்கொண்டாய்? இரண்டாம் வரைவில் அது இருக்கிறது, மூன்றிலும் இருக்கிறது. அடிக்க வாய்ப்பு இருந்தும் அடிக்கவில்லை. அப்படியென்றால் அதுவும் தேர்வுதான்.

குறிப்பில் இதை மறைக்கத் தேவையில்லை. "தவில் முதலில் தற்செயலாக வந்தது, பாட்டை மறுபடி படித்தபோது அது முரசின் இடத்தில் நிற்பதைப் பார்த்தேன், அதனால் ஒலியைக் கதை முழுக்க நீட்டினேன்" என்று எழுதலாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டேன் என்று எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கதை எழுதுகிற யாருக்கும் அப்படி நடப்பதில்லை.

சரியாக வராததையும் சொல்லலாம். ஆனால் ஒன்று போதும், குறிப்பு மன்னிப்புக் கடிதமாகிவிடக்கூடாது.

படி 7: மூலத்தில் இருப்பது எது, வெளியே இருந்து வந்தது எது

இங்கேதான் மதிப்பெண் சத்தமில்லாமல் போகும். பங்காளிகள் மூன்று பேர் என்பது மூவேந்தரிலிருந்து வந்தது என்று அவள் எழுதியிருந்தாள். நல்லது, ஆனால் 112ஆம் பாட்டில் வேந்தர் என்றுதான் இருக்கிறது, மூன்று என்ற எண் இல்லை. கபிலர் அந்த வேந்தர்களைப் பார்த்து "மூவிர்" என்று கூப்பிடுவது 110ஆம் பாட்டில். பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசு கேட்டு வந்த பரிசிலர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருவதும் அங்கேதான். கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட அப்பா பிறந்தது அந்த வரியில். அப்படியென்றால் 110ஐயும் படித்தேன் என்று எழுத வேண்டும்.

அங்கவை, சங்கவை என்று பெயர் வைக்கலாமா என்றும் கேட்டாள். அந்தப் பெயர்கள் புறநானூற்றில் கிடையாது, பிற்கால வழக்கில் வருபவை. வைத்தால் தப்பில்லை, ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைக்க வேண்டும். கடைசியில் அவள் இரண்டு பேருக்கும் பெயரே வைக்கவில்லை. பாட்டைப் பாடியவர்களுக்கும் பாரி மகளிர் என்றுதானே பெயர், அப்பா பெயரை எடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம் என்றாள். இதையும் குறிப்பில் எழுது என்றேன். இடமில்லை என்றாள்.

உரை பார்த்திருந்தால் உரை பார்த்தேன் என்று சொல்லிவிடுங்கள். புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார், முதல் 266 பாட்டுகளுக்குப் பழைய உரை கிடைக்கிறது. இகழ்ச்சிக் குறிப்பு என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துக்கொண்டு உங்கள் கண்டுபிடிப்பு மாதிரி எழுதினால் தமிழாசிரியர் யாரும் ஏமாற மாட்டார்.

படி 8: மொழியைத் தட்டிப் பாருங்கள்

தாக்கம், குறியீடு, உயிரோட்டம், வாசகர் மனதில், ஆழ்ந்த, நெஞ்சை உலுக்கும். இந்தச் சொற்கள் வருகிற வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, சொல்லை எடுத்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். பாதி வாக்கியம் காணாமல் போய்விடும், போகட்டும். உள்ளுறை, இறைச்சி என்று அகப்பாட்டுக்கான சொற்களை இங்கே தூவுவதும் வேண்டாம்.

தன்னைத் தானே புகழ்வது இன்னொரு நோய். "மிக நேர்த்தியாகச் சித்திரித்துள்ளேன்" என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. நம் ஆட்கள் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார்கள். நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, கட்டாயம் வேண்டும் என்கிற இலக்கண நூலான நன்னூல், அதை எழுத வேண்டியவர்கள் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர் என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் நூல் எழுதியவர் இல்லை. ஏன் என்றால் "தான்தற் புகழ்தல் தகுதி யன்றே". பாவம், இன்றைய பிள்ளைகள் தங்கள் பாயிரத்தைத் தாங்களே எழுத வேண்டியிருக்கிறது. அதனால் செய்ததைச் சொல்லுங்கள், அது நன்றாக இருக்கிறதா என்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

"நான்" என்று எழுதலாமா? தாராளமாக எழுதலாம், உங்கள் முடிவுகளைப் பற்றித்தானே பேசுகிறீர்கள். கதையில் நடப்பதை நிகழ்காலத்திலும், எழுதும்போது நீங்கள் செய்ததை இறந்தகாலத்திலும் வைத்தால் குழப்பம் வராது.

கதைக்குப் பதில் படமோ நாடகமோ என்றால்

முறை அதேதான். வரைந்தவர்கள் வண்ணத்தில் தொடங்காமல் சொல்லில் தொடங்குங்கள்: வெண்ணிலவு என்ற சொல் இருக்கும்போது ஏன் மஞ்சள் நிலா? நடித்தவர்கள் யார் எங்கே நின்றார்கள், யார் யாருக்கு முதுகு காட்டினார்கள் என்பதை எழுதுங்கள். ஒத்திகையில் மாற்றியது ஏதாவது கட்டாயம் இருக்கும், அதுதான் உங்கள் "விட்டது".

ஆசிரியராக இருந்தால்

"ஏன் இப்படி எழுதினாய்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், பிள்ளை பயந்துபோய்க் குறியீடு என்று ஆரம்பித்துவிடும். இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, எதை அடித்தாய், இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும், இப்படிக் கேளுங்கள். ஐந்து நிமிடம் வாயால் பேசவிட்டு, பேசியதை அப்படியே எழுதச் சொன்னாலே பாதிக் குறிப்பு தயார். பிரான்மலையைப் பற்றி அவள் சொன்ன வாக்கியம் அப்படித்தான் கிடைத்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

அவள் கொண்டுபோன குறிப்பு

அவள் அனுமதியோடு, சுருக்கி:

"வீடு போன மாதத்தில், தூங்காமல் கிடக்கும் தங்கை பேச்சுக் கொடுக்க, தூங்குவது போல் கிடந்த அக்கா சொல்லியது.

புறநானூறு 112ஐயும் அதன் பின்னணிக்காக 110ஐயும் படித்து எழுதினேன். பாட்டில் நிலவு மாறவில்லை, 'அவ்' மட்டும் 'இவ்' ஆகிறது. வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு முதலில் மாறுவது இந்தச் சின்னச் சொல்தான் என்று நினைத்தேன். அதனால் 'நம்ம வீடு' என்பதைக் கதையில் ஒரே முறை வரவிட்டு, அக்காவைக் கொண்டு திருத்தினேன். வீட்டை விவரித்து எழுதிய ஒரு பத்தியை இதற்காக எடுத்தேன், அதனால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று படிப்பவர்களுக்குத் தெரியாது.

தவில் தற்செயலாக வந்தது. 'வென்று எறி முரசின் வேந்தர்' என்பதில் உள்ள குத்தலைப் பழைய உரை வழியாகப் புரிந்துகொண்ட பிறகு அதைக் கதை முழுக்கக் கேட்கவைத்தேன்.

பாரி மகளிர் 'எம்' என்று வெளியாளிடம் பேசுகிறார்கள். என் கதையில் அக்கா தங்கை தங்களுக்குள் பேசுவதால் 'நம்ம' என்றே வருகிறது, படிப்பவர்கள் ஒட்டுக்கேட்பவர்கள் ஆகிறார்கள். கடைசி வரியில் மட்டும் 'எங்களுக்கு' என்று திருப்பினேன். அந்த வரியை அக்கா பேசுவதாக முதலில் எழுதியிருந்தேன். தங்கையிடம் அவள் அதைச் சொல்லத் தேவையில்லை, தங்கைக்குத் தெரியும்."

இதை எழுதி முடித்த மறுநாள் கதைத் தாளை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் ஒரு திருத்தம் போட வேண்டுமாம், இன்னும் கொடுக்கவில்லையே, போடலாமா என்றாள். "எங்களுக்கு அப்பா இல்லை" என்றிருந்தது. பாட்டில் "எந்தையும்" என்று இருக்கிறதே மிஸ், நான் அதை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே, பேனாவால் அடித்து மேலே எழுதினாள்: எங்களுக்கு அப்பாவும் இல்லை.